கிளியர் அலைனர் சிகிச்சையைத் தொடங்குவதற்கு முன் ஒரு பொதுப் பல் வைத்தியருக்கு என்ன திறன்கள் கைவந்திருக்க வேண்டும்?

கேள்வி
பதிந்தவர்: நெய்தல்கரை

அனைவருக்கும் வணக்கம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் படித்து வெளியேறி எனக்கு ஏழு வருடங்களாகின்றன. கல்முனைப் பகுதியில் பகலில் அரச சேவையிலும் மாலையில் எனது சொந்தச் சிகிச்சை நிலையத்திலும் வேலை செய்கிறேன். பல் அடைத்தல், வேர்ச் சிகிச்சை, ஞானப்பல் அகற்றுதல், கிரவுண் வைத்தல் ஆகியவற்றில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் பற்களை இடம் நகர்த்தும் வேலையைப் பொறுத்தவரை, மாணவப் பருவத்தில் கழற்றி மாட்டும் தட்டுகள் சிலவற்றைச் செய்ததோடு என் அனுபவம் நின்றுவிட்டது.

"கம்பி போடாமல் பல்லை நேராக்க முடியாதா?" என்று கேட்டு வருபவர்கள் இந்த ஒரு வருடத்தில் கூடிவிட்டார்கள். அதனால் கிளியர் அலைனர், அதாவது கழற்றி மாட்டி ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிப் பற்களை மெல்ல நகர்த்தும் ஒளிபுகும் பிளாஸ்டிக் தட்டுகள், பற்றிக் கொழும்பில் நடந்த இரண்டு நாள் பயிற்சி ஒன்றில் கலந்துகொண்டு சான்றிதழும் பெற்றேன். மென்பொருளை எப்படித் திறப்பது, படங்களை எப்படி ஏற்றுவது, கட்டணத்தை நோயாளியிடம் எப்படி எடுத்துச் சொல்வது என்பனவெல்லாம் அங்கே விரிவாகச் சொல்லித் தரப்பட்டன. ஒரு வாயைப் பார்த்தவுடன் இது நான் தொடக்கூடியதா, தொடக்கூடாததா என்று முடிவெடுப்பது எப்படி என்ற பகுதியோ மதிய உணவுக்கு முந்திய அரை மணித்தியாலத்தில் முடிந்துவிட்டது.

இப்போது இரண்டு பேர் காத்திருக்கிறார்கள். முதலாமவர் சம்மாந்துறையைச் சேர்ந்த 24 வயதுப் பெண். கீழ் முன்பற்கள் நெருங்கி நிற்கின்றன. அளந்து பார்த்ததில் சுமார் 3.5 மில்லிமீற்றர் இடம் போதாது. மேலே பக்க வெட்டும்பல் ஒன்று சற்று உள்ளே திரும்பியிருக்கிறது. எட்டு மாதத்தில் கல்யாணம். இரண்டாமவர் படுவான்கரையில் வேளாண்மை செய்யும் 43 வயது ஆண். மேல் முன்பற்களுக்கு இடையே இடைவெளி விழுந்து, பற்கள் முன்னே தள்ளி நிற்கின்றன. நெருக்கத்தைப் பிரிப்பதைவிட இடைவெளியை மூடுவது இலகு என்று எண்ணுவதால், இரண்டாமவரையே எனது முதல் நோயாளியாகத் தொடங்க நினைக்கிறேன்.

இந்தச் சிகிச்சையில் அனுபவம் உள்ளவர்கள், மென்பொருளுக்கு வெளியே கையிலும் கண்ணிலும் எந்தத் திறன்கள் இருக்க வேண்டும் என்று விளக்கமாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பதில் 1
பதிந்தவர்: வாவியோரம்

வணக்கம் டொக்டர். நான் மட்டக்களப்பில் பற்சீராக்கல் துறையில் நீண்ட காலமாக வேலை செய்பவன். உங்கள் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் எழுதுவதற்கு முன்னர் அவசரமாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது: இரண்டாம் நோயாளிக்கு இப்போதைக்கு ஸ்கேன் எடுக்க வேண்டாம்.

அவரிடம் அவருடைய கல்யாணப் படத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள். இருபத்தைந்து வயதில் இல்லாத இடைவெளி நாற்பதைக் கடந்தபின் தோன்றி, மேல் முன்பற்கள் விசிறிபோல் விரிந்து முன்னே வந்திருந்தால், அதைப் பல் வரிசையின் குறையாகப் பார்க்கக் கூடாது. பல்லைத் தாங்கும் என்பு கரைந்து, நாக்கின் தள்ளலையும் கடியின் விசையையும் பல்லால் எதிர்த்து நிற்க முடியாமல் போனதன் அடையாளமாகவே அதைப் பார்க்க வேண்டும். பல் நகர்வது எப்படி என்பதை நினைத்துப் பாருங்கள். வேரைச் சுற்றியுள்ள இழையத்தில் அழுத்தம் விழும் பக்கத்தில் என்பு கரைகிறது. இழுவை விழும் பக்கத்தில் புதிய என்பு படிகிறது. முரசு ஆரோக்கியமாக இருந்தால் இந்தக் கணக்கு ஏறக்குறையச் சமப்படும். முரசுக்குக் கீழே காறையும் சீழும் இருக்கும்போது விசையைக் கொடுத்தால் கரைதல் மட்டுமே நடக்கும். ஏற்கனவே அரைவாசி போன என்பை நாமே மீதியும் போக வைத்தவர்களாவோம். அதற்கு மேலே இன்னொரு சிக்கலும் உண்டு. என்பு குறையக் குறையப் பல்லின் தடை மையம் (விசையைப் பல் எதிர்த்து நிற்கும் மையப் புள்ளி) வேரின் நுனியை நோக்கி நகர்ந்துவிடுவதால், சாதாரண பல்லை மெல்ல நகர்த்தும் அதே விசை இங்கே பல்லைச் சரித்துவிடும்.

ஆகவே நான் முதலாவதாக வைக்கும் திறன் உங்களிடம் ஏற்கனவே உள்ள ஒன்றுதான்: முரசு அளவுகோலைக் கையில் எடுத்து, ஒவ்வொரு பல்லிலும் ஆறு இடங்களில் ஆழத்தைப் பார்த்து, இரத்தம் வருகிறதா, பல் ஆடுகிறதா என்று பதிந்துகொள்வது. பதினைந்து நிமிடம் ஆகும். அலைனர் கேட்டு வரும் யாருக்கும் இதைச் செய்யாமல் நான் அடுத்த படிக்குப் போவதில்லை.

அடுத்தது நோயறிதல். கம்பி போடுபவருக்கு வேண்டிய அறிவு அலைனர் போடுபவருக்கும் அப்படியே வேண்டும். பிளாஸ்டிக் என்பதால் அதில் எள்ளளவும் குறைவதில்லை. முகத்தைப் பக்கவாட்டில் பார்த்து, குறை பல்லில் இருக்கிறதா தாடையில் இருக்கிறதா என்று பிரித்தறிய வேண்டும். தாடைகள் முழுவதையும் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரே படத்தில் மறைந்து நிற்கும் வேட்டைப்பல், குட்டையான வேர், பழைய அடியின் தடயம் ஆகியவற்றைத் தேட வேண்டும். முன்பற்கள் எந்தச் சாய்வில் நிற்கின்றன என்பதைப் பக்கவாட்டு செபலோகிராமில் (தலையின் பக்கவாட்டு எக்ஸ்ரே) அளக்க வேண்டும். மேல் கீழ்ப் பற்களின் அகலங்கள் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று கணக்கிட வேண்டும். போல்டன் என்ற பற்சீராக்கல் நிபுணர் 1958 இல் தந்த விகிதங்கள், அதாவது மேற்பற்களின் மொத்த அகலத்தில் கீழ்ப்பற்களின் பங்கு முதலாம் கடைவாய்ப்பல் வரை 91.3 வீதம், முன்பற்கள் ஆறுக்கும் 77.2 வீதம், இன்றும் பயன்படுகின்றன. ஒல்லியான பக்க வெட்டும்பல் உள்ள ஒருவருக்கு இந்தக் கணக்கைப் பார்க்காமல் தொடங்கினால், சிகிச்சை முடியும் தறுவாயில் ஏன் கடி பொருந்தவில்லை என்று தலையைச் சொறிய வேண்டி வரும்.

மூன்றாவது, பிளாஸ்டிக்கால் எது முடியும், எது முடியாது என்ற தெளிவு. அலைனர் என்பது தள்ளும் கருவி. இழுப்பது அதற்கு வராது. ஒரு தட்டு ஒரு பல்லை ஏறத்தாழ கால் மில்லிமீற்றர் நகர்த்தும் விதமாகத்தான் பொதுவாகத் திட்டமிடப்படுகிறது. பல்லைச் சரிப்பதும் நெருக்கத்தைச் சிறிதளவு பிரிப்பதும் அதற்குக் கைவந்த வேலை. உருண்டை வடிவமான வேட்டைப்பல்லையும் கீழ் முன்கடைவாய்ப்பல்லையும் சுழற்றுவது கடினம், ஏனென்றால் பிளாஸ்டிக்குக் கவ்விப் பிடிக்க அங்கே மூலை கிடையாது. பல்லை முரசிலிருந்து வெளியே இறக்குவது அதைவிடக் கடினம். பல்லைப் பிடுங்கி அந்த இடத்தை மூடும் வேலையில் இரு பக்கத்துப் பற்களும் பள்ளத்துக்குள் சரிந்து விழும். வேரை நிமிர்த்தி எடுப்பதற்குள் வருடங்கள் ஓடிவிடும். முன்பற்களில் திரையில் திட்டமிட்ட அசைவில் சராசரியாக 41 வீதமே வாயில் கிடைத்தது என்று 2009 இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது. தட்டின் பொருளும் மென்பொருளும் மேம்பட்ட பின் 2020 இல் எல்லாப் பற்களையும் அளந்து வந்த ஆய்வில் சராசரி 50 வீதமாக இருந்தது. அதாவது இன்றும் திரையில் தெரிவதில் அரைவாசியைத்தான் வாயிலும் எதிர்பார்க்கலாம்.

இதிலிருந்துதான் நான்காவது திறன் பிறக்கிறது: திரையிலுள்ள திட்டத்தை விமர்சனக் கண்ணோடு வாசிப்பது. நிறுவனத்திலிருந்து வரும் முதல் திட்டம், உங்கள் நோயாளியை ஒருபோதும் நேரில் காணாத தொழில்நுட்பவியலாளர் ஒருவர் வரைந்த முன்மொழிவு மட்டுமே. அவருக்கு முரசின் தடிப்புத் தெரியாது. வேர் எங்கே இருக்கிறது என்பதும், அநேகமான திட்டங்களில், தெரியாது. உங்கள் முதல் நோயாளியையே எடுத்துக்கொள்வோம். 3.5 மில்லிமீற்றர் நெருக்கத்தைத் தீர்க்க மென்பொருள் கீழ் வெட்டும்பற்களை முன்னே சாய்த்துவிடக்கூடும். படத்தில் அது மிகவும் அழகாக இருக்கும். அந்த இடத்தில் முரசு மெல்லியதாக இருந்தால், பல் முன்னே வர வர முரசு கீழே இறங்கி வேர் வெளியே தெரியும். அளவுகோலை முரசுக்குள் விடும்போது அதன் நிழல் வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் முரசு மெல்லியது. அப்படியானால் சாய்ப்பதைக் குறைத்து, பற்களுக்கு இடையே எனாமலைத் தேய்த்து இடம் எடுக்கும்படி திட்டத்தை நீங்கள்தான் திருத்தி அனுப்ப வேண்டும். திருத்தாமல் ஒப்புதல் கொடுக்கும் வைத்தியருக்கும் தபால்காரருக்கும் வித்தியாசம் இல்லை.

தட்டுகளைத் தபாலில் அனுப்பிவிட்டால் போதும், வைத்தியரே தேவையில்லை என்ற வியாபாரமும் உலகில் நடந்து பார்த்ததுதான். ஸ்மைல் டிரெக்ட் கிளப் என்ற அமெரிக்க நிறுவனம் 2014 இல் அந்த முறையில் தொடங்கி, 2023 டிசம்பரில் கதவை மூடியது. பாதிச் சிகிச்சையில் நின்றவர்கள் வேறு வைத்தியர்களைத் தேடி அலைய வேண்டியதாயிற்று.


பதில் 2
பதிந்தவர்: கொண்டவட்டவான்

நான் விசேட நிபுணர் அல்ல. அம்பாறையில் உங்களைப் போலவே பொதுப் பல் வைத்தியம் பார்ப்பவன். மேலே எழுதியவர் கண்ணின் வேலையைச் சொல்லிவிட்டார், நான் கையின் வேலையைச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் முதலில் கவனிக்க வேண்டியது எனாமல். அம்பாறை மாவட்டத்தின் உட்பகுதிகளில் கிணற்று நீரில் புளோரைட் அதிகம் என்பது எல்லோருக்கும் தெரிந்த விடயம். உலக சுகாதார நிறுவனம் லீற்றருக்கு 1.5 மில்லிகிராமை எல்லையாக வைக்கிறது. அதைத் தாண்டிய கிணறுகளின் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களின் பற்களில் வெண்சுண்ணம் போன்ற திட்டுகளும் மண்ணிறக் கறையும் காணப்படும். அப்படிப்பட்ட பல்லில் அட்டாச்மென்ட் (தட்டுக்குப் பிடி கொடுக்கப் பல்லில் ஒட்டும் சிறு கொம்பொசிட் மேடு) ஒட்டும்போது, வழக்கமான 37 வீத பொஸ்பரிக் அமிலத்தை வழக்கமான முப்பது செக்கன் மட்டும் வைத்தால் மேற்பரப்பு சரியாகத் தீண்டப்படாது. புளோரைட் செறிந்த வெளி அடுக்கு அமிலத்தை எதிர்த்து நிற்கும். எனது ஆரம்ப நோயாளி ஒருவருக்கு ஒட்டிய ஒன்பது அட்டாச்மென்டுகளில் நான்கு முதல் வாரத்திலேயே கழன்று விழுந்தன. அவர் தட்டைக் கழற்றும் விதம்தான் பிழை என்று அவர் மீதே பழியைப் போட்டேன். பிறகுதான் பிழை என்னுடையது என்று விளங்கியது. இப்போது அத்தகைய பற்களில் மேற்பரப்பை மிக மெல்லியதாகச் சொரசொரப்பாக்கி, அமிலத்தை ஒரு நிமிடம் வரை வைக்கிறேன். கழருதல் வெகுவாகக் குறைந்துவிட்டது.

ஒட்டும் வேலை பார்வைக்கு இலகு, செய்வதற்கு நுணுக்கமானது. எண்ணெய் இல்லாத பியூமிஸால் பல்லைத் துலக்கி, கன்னத்தை விரித்துப் பிடித்து, எச்சிலை முழுவதும் அகற்றி, அமிலம், கழுவல், உலர்த்தல், பொண்டிங் என்று வரிசையாகப் போக வேண்டும். அச்சுத் தட்டின் குழியில் கொம்பொசிட்டைக் கொஞ்சம் குறைத்து நிரப்பினால் மூலை மழுங்கி, பிளாஸ்டிக்குப் பிடி கிடைக்காது. கூடுதலாக நிரப்பினால் ஓரத்தில் வழிந்து, அடுத்த தட்டு சரியாக இருக்காது, அழுக்கும் சேரும். வழிந்ததை அகற்றாமல் நோயாளியை எழுப்பக் கூடாது. ஈரப்பதன் கூடிய எங்கள் காலநிலையில், குளிரூட்டி வேலை செய்யாத நாளில் இந்த வேலையை நான் வைத்துக்கொள்வதே இல்லை. கிரவுண் போட்ட பல்லுக்கு மேற்பரப்பைத் தயார்படுத்தும் முறையே வேறு. அதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளாமல் அந்தப் பல்லில் அட்டாச்மென்ட் வைக்க ஒப்புக்கொள்ள வேண்டாம்.

எனாமலைத் தேய்ப்பது பற்றிச் சற்று விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். ஒரு தொடுகைப் புள்ளியில் அரை மில்லிமீற்றருக்கு மேல் போவதில்லை என்பது பொதுவான எல்லை. அதாவது ஒவ்வொரு பல்லிலிருந்தும் கால் மில்லிமீற்றர். கீழ் வெட்டும்பற்களின் எனாமல் மெல்லியது, ஆகவே அங்கே இன்னும் குறைவாகவே எடுக்கிறேன். கணக்குப் போட்டுப் பாருங்கள்: கீழே ஒரு வேட்டைப்பல்லிலிருந்து மறு வேட்டைப்பல் வரை ஐந்து தொடுகைகள், இரு வேட்டைப்பற்களின் பின்பக்கத்தையும் சேர்த்தால் ஏழு. ஒவ்வொன்றிலும் 0.3 மில்லிமீற்றர் எடுத்தால் 2.1 மில்லிமீற்றர் இடம் கிடைக்கிறது. உங்கள் சம்மாந்துறை நோயாளியின் தேவையில் பாதிக்கு மேல் அதிலேயே தீர்ந்துவிடும்.

எனினும் எப்போது தேய்ப்பது என்பது எவ்வளவு என்பதைப் போலவே முக்கியம். பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் திரும்பி நிற்கும்போது தேய்க்கும் பட்டியை உள்ளே விட்டால், உண்மையான தொடுகைப் பரப்பைத் தேய்க்காமல் பல்லின் மூலையைத் தேய்த்துவிடுவீர்கள். நான் அப்படி ஒரு முறை செய்து, பல் நேரானபின் அதில் ஒரு படி தெரிந்தது. கொம்பொசிட் வைத்து மறைத்தேன். முதல் சில தட்டுகள் பற்களைக் கொஞ்சம் வட்டமாக்கியபின் தேய்க்கும்படி திட்டத்தில் கேட்டுக்கொள்ளலாம். தேய்த்தபின் அளவுத் தகட்டை உள்ளே விட்டு அளக்காமல், கண்ணால் பார்த்துப் போதும் என்று நிறுத்துவது இன்னொரு பிழை. திட்டத்தில் 0.3 என்று இருந்து நீங்கள் 0.15 மட்டும் எடுத்திருந்தால், பற்கள் ஒன்றோடொன்று முட்டி நிற்கும், தட்டு ஏறாது. காரணம் தெரியாமல் நிறுவனத்தைத் திட்டுவீர்கள். எடுத்த அளவை அன்றன்றே அட்டையில் எழுதி, தேய்த்த இடத்தை மெருகேற்றி, புளோரைட் பூசி அனுப்புங்கள்.

ஸ்கேன் பற்றி இரண்டு வார்த்தை. சூத்தைப் பற்களை அடைத்து முடித்து, காறை எடுத்து, முரசு இரத்தம் வடியாத நிலைக்கு வந்தபின் ஸ்கேன் எடுக்கவும். ஸ்கேனுக்குப் பின் ஒரு பல்லை அடைத்தால் அதன் வடிவம் மாறி, தட்டுத் தொகுதி முழுவதும் வீணாகும். கடைசிக் கடைவாய்ப்பல்லின் பின்புறத்தை எச்சில் மறைக்காமல் பிடிப்பதுதான் எல்லோருக்கும் கடினம். ஸ்கேனர் இல்லாதவர்கள் சிலிக்கன் அச்சில் எடுக்கலாம். அல்ஜினேட் சுருங்குவதால் இந்த வேலைக்கு உதவாது.

முதலாம் பதிலோடு ஓரிடத்தில் மட்டும் நான் ஒத்துப்போகவில்லை. கம்பிச் சிகிச்சை முழுவதையும் கற்றவர்தான் அலைனரைத் தொட வேண்டும் என்றால், இந்த மாவட்டத்தில் ஒரு கைவிரல்களால் எண்ணக்கூடியவர்களே மிஞ்சுவார்கள். சிறிய நெருக்கம், சிறிய இடைவெளி என்று எல்லை வகுத்துக்கொண்டு பொது வைத்தியர் ஒருவர் தாராளமாகத் தொடங்கலாம் என்பதே என் அனுபவம்.


பதில் 3
பதிந்தவர்: காத்தான்குடி வாசகன்

நான் வைத்தியர் அல்லன். பதினான்கு மாதம் அலைனர் போட்டு முடித்தவன். நோயாளியின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல அனுமதிக்கவும்.

ஒரு நாளில் 22 மணித்தியாலம் போட வேண்டும் என்று எனக்குச் சொல்லப்பட்டது. ஆனால் மிச்சமிருக்கும் இரண்டு மணித்தியாலத்துக்குள் எங்கள் ஊர் வாழ்க்கையை எப்படி அடக்குவது என்று யாரும் என்னோடு உட்கார்ந்து பேசவில்லை. நாங்கள் ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை தேநீர் குடிப்பவர்கள், அதுவும் சீனி போட்டு. தட்டைப் போட்டுக்கொண்டே குடித்தால் சீனித் தண்ணீர் உள்ளே தேங்கிப் பல்லை ஊறவைக்கும் என்பது எனக்கு இரண்டு பற்களில் சூத்தை விழுந்தபின்தான் தெரியவந்தது. நோன்பு மாதத்தில் பகல் முழுவதும் தட்டு வாயிலேயே இருந்தது, அது நல்லது. ஆனால் நோன்பு திறந்ததிலிருந்து ஸஹர் வரை சாப்பாடும் தேநீருமாகப் போனதால் இரவில் தட்டைக் கழற்றி வைத்த நேரம் கூடிவிட்டது. அந்த மாதத்துக்கு ஒரு தட்டை ஏழு நாளுக்குப் பதிலாக பத்துப் பதினான்கு நாள் போடச் சொல்லியிருந்தால் பற்கள் பின்தங்கியிருக்காது என்று பிறகு பார்த்த வைத்தியர் சொன்னார். மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வைத்த ஒரு தட்டு நண்பகல் வெயிலில் வளைந்து போனதும் உண்டு.

நோயாளியோடு இவற்றைப் பேசும் திறனையும் உங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள் டொக்டர்.


பதில் 4
பதிந்தவர்: நெய்தல்கரை

மூவருக்கும் மிக்க நன்றி. உங்கள் பதில்களைப் படித்த மறுநாளே இரண்டாம் நோயாளியை அழைத்து அளந்து பார்த்தேன். மேல் முன்பற்களைச் சுற்றி 6 மில்லிமீற்றரும், ஓரிடத்தில் 7 மில்லிமீற்றரும் ஆழம் காணப்பட்டது. தொட்ட இடமெல்லாம் இரத்தம். பல் ஆடுவதையும் கண்டேன். எக்ஸ்ரேயில் வேரின் நடுப்பகுதி வரை என்பு இல்லை. அவர் வெற்றிலை போடுபவர் என்பதால் மேலே படிந்திருந்த கறையை மட்டும் பார்த்து, "வாயைச் சுத்தம் செய்துவிட்டுத் தொடங்கலாம்" என்று முன்பு எழுதி வைத்திருந்தேன். கல்யாணப் படத்தையும் கொண்டுவந்தார். பற்கள் வரிசையாக நிற்கின்றன. எனக்கு வெட்கமாக இருந்தது. அவருக்கு முரசுச் சிகிச்சையைத் தொடங்கி, வெற்றிலை பற்றியும் பேசியுள்ளேன். சீனி வியாதி இருக்கிறதா என்று இரத்தப் பரிசோதனைக்கும் அனுப்பினேன்.

முதல் நோயாளியின் கீழ் முரசு ஒரு வெட்டும்பல்லின் முன்னே மெல்லியதாகவே உள்ளது. ஆகவே சாய்ப்பதைக் குறைத்து, தேய்ப்பைக் கூட்டச் சொல்லித் திட்டத்தைத் திருப்பி அனுப்ப எண்ணுகிறேன். இன்னும் இரண்டு விடயங்களில் வழிகாட்டுங்கள். தட்டுகள் தொடங்கியபின் ஒவ்வொரு வருகையிலும் நான் எதைப் பார்க்க வேண்டும்? எட்டு மாதத்தில் கல்யாணம் என்பதற்கு என்ன பதில் சொல்வது?


பதில் 5
பதிந்தவர்: வாவியோரம்

வெட்கப்பட ஒன்றும் இல்லை. அளந்து பார்க்காமலே தட்டுகளை வரவழைத்தவர்கள், பல் ஆடத் தொடங்கியபின் என்னிடம் அனுப்பிய நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன். அவருடைய முரசு கட்டுப்பாட்டுக்கு வந்து சில மாதங்கள் அப்படியே நிலைத்திருந்தால், அப்போது பற்களை மெல்லிய விசையில் பின்னே கொண்டுவர முடியும். ஆனால் அது நிபுணர் ஒருவரும் முரசு வைத்தியரும் சேர்ந்து பார்க்க வேண்டிய வேலை. உங்கள் முதல் நோயாளி அவரல்ல.

ஒவ்வொரு வருகையிலும் தட்டைப் போட்ட நிலையில் பல்லின் விளிம்புக்கும் பிளாஸ்டிக்குக்கும் இடையே வெற்றிடம் தெரிகிறதா என்று பாருங்கள். முதலில் பின்தங்குவது அநேகமாக மேல் பக்க வெட்டும்பல்லாகத்தான் இருக்கும். அதன் தலை சிறியது. உள்ளே இருந்து வெளியே வரும்போது அதைச் சற்றுக் கீழே இறக்கவும் வேண்டியிருக்கும். அந்த இரண்டு வேலையும் பிளாஸ்டிக்குப் பிடிக்காதவை. உங்கள் நோயாளிக்கு இருப்பதும் அதே பல் என்பதால், அதில் அட்டாச்மென்ட் ஒன்றும் சுற்றிலும் போதிய இடமும் திட்டத்தில் உண்டா என்று முதலிலேயே உறுதிப்படுத்துங்கள். சிறு வெற்றிடம் என்றால், மெல்லும் உருளையைக் கடிக்கச் சொல்லி அதே தட்டை இன்னும் ஒரு வாரம் போட வைக்கலாம். வெற்றிடம் பெரிதாகிக்கொண்டே போனால், பொருந்திய கடைசித் தட்டுக்குத் திரும்புங்கள். அதற்கும் மசியாவிட்டால் நிறுத்தி மீண்டும் ஸ்கேன் எடுக்க வேண்டும். பொருந்தாத தட்டின் மேல் அடுத்த தட்டைப் போட்டுக்கொண்டு போனால் திரையில் சிகிச்சை முடிந்திருக்கும், வாயில் தொடங்கியே இருக்காது.

பிறகு பல் இடை நாடாவை விட்டுத் தொடுகையைச் சோதியுங்கள், அட்டாச்மென்டுகளை எண்ணுங்கள், கடித் தாளால் கடியைப் பாருங்கள். சில மாதங்களின் பின் "பின் பற்கள் சேரவில்லை, சோறு மெல்ல முடியவில்லை" என்று சொல்வார்கள். இரண்டு தடிப்புப் பிளாஸ்டிக்குகள் நாள் முழுவதும் கடைவாய்ப்பற்களை உள்ளே அழுத்துவதாலும், முன்பற்கள் முந்தி முட்டுவதாலும் அது வருகிறது. சிறியதென்றால் இறுதியில் தட்டைப் பின்பக்கத்தில் வெட்டிவிடத் தானாகச் சேர்ந்துவிடும். முன்பற்கள் முட்டுவதால் வந்ததென்றால் அந்த முட்டலைத் தீர்க்காமல் சேராது.

வாட்ஸ்அப்பில் படம் அனுப்பச் சொல்வதை நான் குறை கூறவில்லை. நவம்பர், டிசம்பர் மாதங்களில் வெள்ளம் வந்து படுவான்கரைப் பாதைகள் மூடப்படும்போது எனக்கும் அதுவே துணை. ஆனால் பல் ஆடுவதும் முரசின் ஆழமும் படத்தில் தெரிவதில்லை. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு தடவையாவது நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். வெளிநாட்டு வேலைக்கு விசா பார்த்துக்கொண்டிருப்பவரிடம் அதைத் தொடங்குமுன் கேட்டுவிடுங்கள்.

கல்யாணத்துக்கு என்ன பதில் என்று கேட்டீர்கள். ஏறத்தாழ இருபது தட்டுகள் என்று வைத்து, ஒன்றுக்குப் பத்து நாள் என்றால் ஆறரை மாதம். தட்டுகள் வந்துசேர ஆகும் காலம், இறுதியில் திருத்தத் தட்டுகளுக்கான காலம் ஆகியவற்றைச் சேர்த்தால் எட்டு மாதத்தைத் தாண்டும். திருத்தம் வேண்டிவருவது விதி, வேண்டாமல் முடிவது விதிவிலக்கு. ஆகவே "கல்யாணத்தன்று முன்பற்கள் பார்வைக்கு ஒழுங்காக இருக்கும், சிகிச்சை அதன்பின்னும் தொடரும், அதற்குப் பிறகு இரவில் ரிட்டெய்னர் (பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பாமல் பிடிக்கும் தட்டு) வருடக்கணக்கில் வேண்டும்" என்று எழுதிக் கையொப்பம் வாங்கித் தொடங்குங்கள். அட்டாச்மென்டுகளைக் கல்யாணத்துக்காகக் கழற்றிவிட்டுத் திரும்ப ஒட்டலாம். அதற்கான செலவையும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

கொண்டவட்டவான் அவர்களோடு எனக்குப் பெரிய பிணக்கு இல்லை. எல்லை வகுத்துக்கொள்ளலாம் என்கிறார், சரி. ஆனால் எல்லைக்கு வெளியே எது இருக்கிறது என்பதை அறிந்தவரால்தானே எல்லை கீற முடியும்? ஆழ்ந்த கடி (மேல் முன்பற்கள் கீழ் முன்பற்களை அளவுக்கு மீறி மூடுவது), திறந்த கடி (கடிக்கும்போது மேல் கீழ்ப் பற்கள் சேராமல் நிற்பது), பல் பிடுங்க வேண்டிய நெருக்கம், தாடைக் குறை, வளரும் பிள்ளை: இவற்றை நேரே அனுப்பிவிடுங்கள். மற்றவற்றில் முதல் ஐந்து நோயாளிகளின் திட்டத்தை ஒப்புதல் கொடுக்குமுன் அருகிலுள்ள நிபுணர் ஒருவருக்குக் காட்டுங்கள். யாரும் மறுக்கமாட்டார்கள்.


பதில் 6
பதிந்தவர்: கொண்டவட்டவான்

கடைசி வரியை ஏற்றுக்கொள்கிறேன். நானும் எனது முதல் மூன்று திட்டங்களை அப்படித்தான் காட்டினேன், அவற்றில் ஒன்றை "இது உமக்கு வேண்டாம்" என்று திருப்பி அனுப்பினார்கள். நெய்தல்கரை அவர்களே, சம்மாந்துறைப் பெண்ணின் பற்களில் வெண்திட்டு இருக்கிறதா என்று அமிலம் எடுக்குமுன் உலர்த்திப் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது அது தெரியாது.


பதில் 7
பதிந்தவர்: நெய்தல்கரை

பார்த்தேன். மேல் முன்பற்கள் நான்கிலும் மெல்லியதாக இருக்கிறது. சிறு வயதில் அம்பாறையின் உட்பகுதியான மகாஓயாப் பக்கத்தில் உறவினர் வீட்டில் வளர்ந்ததாகச் சொல்கிறார். திருத்திய திட்டம் அடுத்த வாரம் வருகிறது. வந்ததும் மட்டக்களப்புக்கு எடுத்துவந்து உங்களுக்குக் காட்ட அனுமதி உண்டா, வாவியோரம் ஐயா?